நரகத்திலிருந்து வரும் கடிதங்கள்

இரண்டு பேய்களை ஒரே அறைக்குள் விட்டால் பயம் இரண்டு மடங்காகும் என்று பதிப்பாளர்கள் நம்புகிறார்கள். நடப்பது வேறு. முதல் தடவை பயம் பாதியாகும், மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிடும். யூனிவர்சல் ஸ்டூடியோ இதை 80 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது. 1943இல் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமும் ஓநாய் மனிதனும் சந்தித்தார்கள். 1944இல் டிராகுலாவையும் கூட்டத்தில் சேர்த்தார்கள். 1948இல் அதே கும்பல் அபட், காஸ்டெல்லோ என்ற நகைச்சுவை ஜோடியிடம் போய் மாட்டிக்கொண்டது. நம் நாட்டுக் கதையும் அதேதான். 1957இல் பி. என். ராவ் எடுத்த 'பொந்தியானாக்' கேத்தே கெரிஸ் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. மறு ஆண்டே எல். கிருஷ்ணன் 'ஒராங் மின்யாக்' எடுத்தார், பி. ரம்லீ 'சும்பா ஒராங் மின்யாக்' எடுத்தார். இந்த இரண்டு பேய்களையும் பல காலம் கழித்து அஃப்ட்லின் ஷவுக்கி ஒரே படத்தில் மோதவிட்டபோது அது நகைச்சுவைப் படமாகத்தான் வந்தது. வேறு எப்படி வரும்?

காரணம் எளிது. திகில் தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. இவன் கனவில் மட்டும்தான் வருவான், அவன் தண்ணீரில் செத்தவன், இவளுக்குப் பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாள். வாசகன் பயப்படுவது பேயைப் பார்த்து என்று நினைக்கிறோம். உண்மையில் அவன் அந்தச் சட்டத்துக்குத்தான் பயப்படுகிறான். இரண்டு தொடர்கள் சந்திக்கும்போது இரண்டு சட்டங்கள் மோதுகின்றன. ஒன்று மற்றதை ரத்து செய்யும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து குத்துச்சண்டை விதிகளாகிவிடும். யாருக்கு பலம் அதிகம், யார் ஜெயிப்பார்? பள்ளிக்கூடத்து இடைவேளையில் பையன்கள் பேசும் விஷயம் அது. கேட்க ஜாலியா இருக்கும், ஆனா யாருக்கும் ராத்திரி தூக்கம் கெடாது.

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த விவகாரம் ஒன்றும் புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ், அதற்குப் பின்னாலேயே திகில் காமிக்ஸ் என்று வந்தவற்றில் ஒரு பகுதி கடல் தாண்டி இங்கேயும் வந்து சேர்ந்தது. கை மாறி, அட்டை கிழிந்து, யார் யாரோ பெயர் எழுதி வைத்த பிரதிகள். இத்தாலியின் போனெல்லி நிறுவனத்துப் பாத்திரங்கள் இருவர் அந்த வழியில் தமிழுக்கு வந்தார்கள். ஒருவர் மர்ம மனிதன் மார்ட்டின், அங்கே மார்ட்டின் மிஸ்டேர். மற்றவர் டைலன் டாக். மார்ட்டினை 1982இல் உருவாக்கியவர் அல்ஃப்ரெடோ காஸ்டெல்லி. டைலனை 1986இல் உருவாக்கியவர் டிசியானோ ஸ்கிளாவி. 1990இல் இருவரும் சேர்ந்து எழுத, ஜொவான்னி ஃபிரெகியேரி வரைய, இரண்டு நாயகர்களும் ஒரே கதையில் சந்தித்தார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கடைசி நிறுத்தம்: கொடுங்கனவு'.

அந்தச் சந்திப்பில் எனக்குப் பிடித்தது யோசனைதான். மார்ட்டின் நியூயார்க்கில் புத்தகக் குவியல் நடுவே வாழும் மனிதர். எந்த அமானுஷ்யத்தைக் கண்டாலும் அட்லாண்டிஸ், மூ என்று ஒரு வரலாறு தேடிப்பிடித்து விளக்கம் சொல்லிவிடுவார். டைலன் லண்டனில் கிரேவன் சாலை 7ஆம் எண் வீட்டில் கொடுங்கனவுகளைத் துப்பறிகிறவன். அவன் கதைகளில் விளக்கம் வந்தாலும் வாசகனுக்கு நிம்மதி வராது. விளக்குகிறவனும் விளக்கத்தை நம்பாதவனும் ஒரே பேயை எதிர்கொண்டால் யாருடைய உலகில் கதை நடக்கிறது? நல்ல கேள்வி. இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 2019இல் முன்னோட்டம் வந்து பிறகு முழுசாக வந்த பேட்மேன், டைலன் டாக் கூட்டுக்கதை பரிதாபமா இருக்கு. ஜோக்கரும் ஸபாராஸும் கைகோக்கிறார்கள், ஆல்ஃபிரெட்டும் குரூச்சோவும் சந்திக்கிறார்கள். படங்கள் அழகு. விருந்துக்குப் போய் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு வந்த மாதிரி ஒரு உணர்வு மிச்சம்.

இந்த நிலைமையில் ஒரே ஒரு திகில் கூட்டுக்கதை மட்டும் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறது. ஜோ ஹில் எழுதி கேப்ரியேல் ரோட்ரிகஸ் வரைந்த 'ஹெல் அண்ட் கான்'. ஐடிடபிள்யூவின் 'லாக் அண்ட் கீ' தொடரும் டிசியின் 'சேண்ட்மேன்' உலகமும் சந்திக்கும் இடம். 2020இல் தொடங்கி 2021இல் முடிந்தது. அதன் கதைக்கரு இதுதான்: ஜாக் லாக் இறந்து பத்து வருஷம் ஆகிறது. ஆனாலும் அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். நரகத்திலிருந்து. சகோதரி மேரி அவனை மீட்கப் புறப்படுகிறாள்.

தொடர்கள் இரண்டையும் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'லாக் அண்ட் கீ' 2008 முதல் 2013 வரை வந்தது. மாசசூசெட்ஸில் ஒரு பழைய வீடு, அதில் ஒளிந்து கிடக்கும் சாவிகள். ஒரு சாவி தலையைத் திறக்கும், ஒன்று உடலைவிட்டு ஆவியைப் பிரிக்கும், ஒன்று எந்தக் கதவையும் எந்த ஊருக்கும் திறக்கும். அந்தச் சாவிகள் எந்த இரும்பில் செய்தவை என்பதுதான் கொடூரம். கறுப்புக் கதவைத் தாண்டி இந்தப் பக்கம் வர முயன்ற பூதங்கள் இரும்பாக உறைந்துபோகின்றன, அந்த இரும்பை அடித்துச் செய்தவை. 'சேண்ட்மேன்' நீல் கெய்மன் எழுதியது, 1989 முதல் 1996 வரை 75 இதழ்கள். கனவுகளின் அதிபதியை 1916இல் ரோட்ரிக் பர்ஜஸ் என்ற ஆங்கிலேய மாந்திரீகன் தவறுதலாகப் பிடித்துவிடுகிறான். மரணத்தைப் பிடிக்கப் போட்ட வலை அது, மாட்டியது கனவு. எழுபது வருஷத்துக்கு மேல் கண்ணாடிக் கூண்டுக்குள்ளே.

ஜோ ஹில் செய்த முதல் புத்திசாலித்தனம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தது. 1927. அந்த வருஷத்தில் கனவின் அதிபதி கூண்டுக்குள் இருக்கிறார். அதாவது 'சேண்ட்மேன்' கதையின் நாயகன் இந்தக் கதைக்கு வரவே முடியாது. மற்ற கூட்டுக்கதைகள் இரண்டு நாயகர்களையும் அட்டையில் முதுகோடு முதுகு நிறுத்துவதில் குறியாக இருக்கும்போது இங்கே விருந்தாளி வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் இல்லை. மேரி உதவி கேட்டுக் கனவுலகுக்குள் நுழையும்போது அது இடிந்துகொண்டிருக்கிறது. அரண்மனையில் ஆள் இல்லை, காவல் இல்லை, கண்களின் இடத்தில் பற்கள் முளைத்த கொரிந்தியன் சுதந்திரமாகத் திரிகிறான். மூலத் தொடரில் அந்த எழுபது வருஷங்களைக் கெய்மன் சில பக்கங்களில் தாண்டிவிட்டார். அவர் காலியாக விட்டுப்போன அறைக்குள் ஹில் போய் உட்காருகிறார். நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.

இன்னொரு பக்கமும் அதே கச்சிதம். 'லாக் அண்ட் கீ' உலகில் பெரியவர்களானதும் மாயத்தை மறந்துவிடுவார்கள் என்றொரு விதி இருக்கிறது. அந்த விதி வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 1927இல் அது இல்லை. அதனால்தான் வளர்ந்த பெண்ணான மேரியால் சாவிகளை நினைவு வைத்துக்கொள்ளவும் பயன்படுத்தவும் முடிகிறது. இரண்டு தொடர்களின் சட்டங்களிலும் இந்த ஒரு வருஷத்தில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் கதை போகிறது. எதுவும் உடையவில்லை, யாருடைய பேயும் பலம் குறையவில்லை. இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லி விட்டுவிடலாம். ஆனால் கதையின் துக்கமும் இதே ஓட்டையிலிருந்துதான் வருகிறது. உதவக்கூடிய ஒரே ஆள் உதவ முடியாத இடத்தில் இருக்கிறார். அவரைப் பூட்டி வைத்தவனோடு மேரி பேரம் பேச வேண்டியிருக்கிறது. தன் சகோதரனைக் காப்பாற்ற அலைபவள் இன்னொரு சிறைக்குப் பக்கத்தில் நின்று காரியம் பேசுகிறாள்.

அந்தக் கடிதங்கள். முதல் உலகப் போருக்குப் போன பையன், குடும்பத்துச் சாவிகளைத் திருடிக்கொண்டு போனவன், வீரனாவோம் என்று நினைத்தவன். அவன் கதை 'இன் பேல் பட்டாலியன்ஸ் கோ' என்ற முந்தைய குறுந்தொடரில் வருகிறது, இதைவிடக் கடுமையானது. போர்முனையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வருவது அந்தத் தலைமுறைக்குச் சாதாரணம். அந்தச் சாதாரணத்தை ஹில் ஒரு அடி தள்ளி நகர்த்துகிறார், அவ்வளவுதான். கடிதம் வந்துகொண்டேயிருக்கிறது, பையன் செத்துப் பத்து வருஷமான பிறகும். எந்தப் பூதத்தையும்விட அது பயங்கரம். அழுது ஆற்றி முடித்த வீட்டுக்குத் தபால் வந்தால் என்ன செய்வாய்?

ரோட்ரிகஸின் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிலி நாட்டுக்காரர், கட்டடக்கலை படித்தவர். வீடு வரைந்தால் அதன் மாடிப்படி எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். 'லாக் அண்ட் கீ'யின் பலமே அதுதான். கோரம் ஒழுங்கான அறைகளுக்குள் நடக்கிறது. 'சேண்ட்மேன்' அதற்கு நேர் எதிர். சாம் கீத் தொடங்கி ஓவியர்கள் மாறிக்கொண்டேயிருந்தார்கள், டேவ் மெக்கீனின் அட்டைகளில் உருவம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ரோட்ரிகஸ் கனவுலகை வரையும்போது இடிபாடுகூடத் திட்டம் போட்டு இடிந்த மாதிரி இருக்கிறது. பர்ஜஸின் மாளிகைக்கு அது பொருந்துகிறது. நரகத்துக்குப் பொருந்தவில்லை. அவருடைய நரகம் நல்ல கொத்தனார் கட்டியது.

குறை அங்கேதான் தொடங்குகிறது. மேரி நரகத்துக்குள் போனதும் கதை சாகசக் கதையாகிறது. சாவிகள் ஆயுதங்களாகின்றன. எந்தச் சாவி எந்தப் பூதத்தை எப்படி மடக்கும் என்று எண்ண ஆரம்பிக்கிறோம், இடைவேளைப் பையன்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். லூசிஃபரைக் கெய்மன் எழுதியபோது அவருடைய களைப்புதான் நம்மைப் பயமுறுத்தியது. 'சீசன் ஆஃப் மிஸ்ட்ஸ்' கதையில் அவர் நரகத்தைப் பூட்டிச் சாவியைக் கனவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சாவிகளின் தொடர் நரகச் சாவியின் தொடரைச் சந்திப்பது என்பது பெயரிலேயே எழுதி வைத்த மாதிரி. ஹில் அதை விடவில்லை, விட்டிருக்கவும் கூடாது. ஆனால் கறுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள உலகமும் லூசிஃபரின் நரகமும் ஒன்றா வேறா என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. முதல் பாதியில் இரண்டு சட்டங்களையும் அவ்வளவு மரியாதையாக நடத்திய எழுத்தாளர் இரண்டாம் பாதியில் அவசரப்படுகிறார். இருந்தாலும் அந்தச் சகோதரி கையிலிருக்கும் கடிதம் கடைசிவரை கதையைப் பிடித்து நிறுத்துகிறது.

இதை ஜோகூரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஒரு எரிச்சல் வருவதைத் தவிர்க்க முடியாது. எங்களுக்கும் போனவர்கள் உண்டு. 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்கு இந்தத் தோட்டங்களிலிருந்து ஆள் ஆளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன, கற்களில் பெயர்கள் இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிகள் பெரும்பாலோருக்குக் கல் இல்லை, பெயர்ப் பட்டியலும் ஒழுங்காக இல்லை. கடிதம் என்ற பேச்சே இல்லை. பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது, தெரிந்தாலும் எந்தத் தபால்? ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவலாக்கினார்கள். அந்த நாவல்கள் நமக்கு முக்கியம். ஆனால் அவை யதார்த்த நாவல்கள். செத்தவன் எங்கே போனான் என்பது யதார்த்தவாதத்தின் கேள்வியல்ல. அது பேய்க்கதையின் கேள்வி. குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி சொன்ன கதைகளில் சயாமுக்குப் போனவன் திரும்பி வருவான். விடியுமுன் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் வந்து நிற்பான், தண்டல் பேர் கூப்பிடும்போது அவன் பேர் வராது, போய்விடுவான். அவ்வளவுதான் கதை. யாரையும் அடிக்கவில்லை, ரத்தம் குடிக்கவில்லை.

சொல்லப்போனா, கூட்டுக்கதை என்பது எங்கள் ஊரில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கே பேய்கள் ஏற்கெனவே சந்தித்துவிட்டன. சாலையோரத்தில் சீனர்கள் கும்பிடும் சிவப்புக் குடிலைப் பாருங்கள், டத்தோ கோங். உள்ளே இருப்பவர் மலாய்க்காரர், அதனால் படையலில் பன்றி இறைச்சி கிடையாது. எவ்வளவு நுட்பமான கூட்டுக்கதை அது! கும்பிடுகிறவன் தன் சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கும்பிடப்படுகிறவரின் சட்டத்தை ஏற்கிறான். பத்தடி தள்ளி மரத்தடியில் எங்கள் முனீஸ்வரர், சுருட்டும் சேவலுமாக. இருவருக்கும் எல்லைத் தகராறு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிள்ளைப்பேற்றில் செத்த பெண்ணின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் கதை கனக்கிறது. பழைய மலாய் வழக்கத்தில் அவள் லங்சூயர் ஆகிவிடுவாள் என்ற பயம் உண்டு, பொந்தியானாக் என்பது செத்துப் பிறந்த குழந்தை. பிற்பாடு சினிமா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. (ஜோகூரின் பொந்தியான் ஊருக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் பாவம்.) அவள் எழுந்து வராமலிருக்க வாயில் கண்ணாடி மணிகள், அக்குளில் முட்டை, உள்ளங்கையில் ஊசி வைத்துப் புதைத்ததை ஆங்கிலேய அதிகாரி ஸ்கீட் 1900இல் வெளிவந்த தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். வாயைத் திறந்து அலறக்கூடாது, கையை விரித்துப் பறக்கக்கூடாது. தமிழ் வழக்கம் வேறு. நிறைசூலியாகச் செத்தவளுக்குச் சுமை இறங்கவில்லை என்று வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால் அவள் பாரம் குறையும். ஒரே சாவு, இரண்டு சட்டம். ஒன்று அவளைக் கட்டி வைக்கிறது, மற்றது அவள் சுமையை ஊரே பகிர்ந்துகொள்கிறது.

இப்போது ஒரு ஜோகூர்த் தோட்டத்தில், 1930களில் என்று வையுங்கள், ஒரு தமிழ்ப் பெண் பிள்ளைப்பேற்றில் செத்துப்போகிறாள். லயத்தில் யாருக்கும் கல் நட வசதியில்லை. பக்கத்துக் கம்பத்து மருத்துவச்சி முட்டையோடும் ஊசியோடும் வந்து நிற்கிறாள், நல்ல எண்ணத்தோடுதான். எந்தச் சட்டம் செல்லும்? புருஷன் என்ன சொல்வான்? அவள் எதுவாக எழுந்து வருவாள், அல்லது எழாமலிருப்பாள்? 'ஹெல் அண்ட் கான்' கண்டுபிடித்த ஓட்டை மாதிரி இங்கேயும் ஒன்று இருக்கிறது, இரண்டு சட்டங்களிலும் பதில் இல்லாத ஒரு இடம். எனக்குத் தெரிந்து யாரும் இதை வரையவில்லை. நம்மிடம் எழுதப்படும் பேய்க்கதைகள் பெரும்பாலும் அவரவர் வேலிக்குள் நிற்கின்றன. தமிழ்க் கதையில் முனி, மலாய்ப் படத்தில் பொந்தியானாக். அடுத்தவர் நம்பிக்கையைத் தொட்டால் வம்பு என்ற எச்சரிக்கை இதற்குப் பாதிக் காரணம், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. மற்றப் பாதி சோம்பேறித்தனம். அடுத்தவர் சட்டத்தை, ஹில் கெய்மனைப் படித்த மாதிரி, வரி வரியாகப் படித்துவிட்டு எழுத உட்கார வேண்டும். டத்தோ கோங்குக்குப் படையல் வைக்கும் கடைக்காரருக்கு இருக்கிற அந்தக் கவனம் நம் எழுத்தாளர்களிடம் குறைவு.

காலமும் குறைவாகத்தான் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான்கள் வருகின்றன. லயங்கள் இடிந்தபோது மரத்தடிக் கோயில்களில் பல கூடவே போயின. பெரட்டுக் களம் எதுவென்று காட்டுவதற்கே இப்போது ஆளைத் தேட வேண்டும். பாரிட் சூலோங்கில் 1942 ஜனவரியில் காயம்பட்ட ஆஸ்திரேலியக் கைதிகளையும் இந்தியக் கைதிகளையும் ஜப்பானியர் சேர்த்துக் கொன்று எரித்தார்கள். ஒரே நெருப்பில் இரண்டு நாட்டுச் சாவு. அந்த இடத்தைக் கடந்துதான் இன்றும் பத்து பகாட்டுக்கும் யொங் பெங்குக்கும் வண்டிகள் போகின்றன. வண்டியில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

'ஹெல் அண்ட் கான்' தனியாகத் தேட வேண்டாம், 'லாக் அண்ட் கீ: தி கோல்டன் ஏஜ்' என்ற தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் நேராக அதற்குப் போய்விடாதீர்கள். முதலில் 'சேண்ட்மேன்' முதல் இதழ் ஒன்றையாவது படித்துவிடுங்கள், கூண்டு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். பிறகு தொகுப்பில் ஜாக் போருக்குப் போகும் கதை. அதன் பிறகுதான் கடிதங்கள். இந்த வரிசை மாறினால் மேரி ஏன் அவ்வளவு தூரம் போனாள் என்பது பிடிபடாது.